ஆபத்து நேரத்துல ஸ்கூல்ல யாரு, எதை, எப்படி சொல்லணும்: முன்னாடியே முடிவு பண்ணி வைக்க வேண்டிய விஷயங்கள்

நான் ஒரு ஸ்கூலோட பாதுகாப்பு கமிட்டில இருந்தப்ப நடந்தது இது. ஒரு ட்ரில்லுக்காக மைக்ல "யாரும் வகுப்பை விட்டு வெளிய வராதீங்க"ன்னு அறிவிச்சோம். மூணாவது மாடி கடைசி வகுப்புல இருந்த ஸ்பீக்கர் கரகரன்னு இழுத்துட்டு வாக்கியத்தோட வாலை முழுங்கிருச்சு, அங்க இருந்த டீச்சர் காதுல விழுந்தது "வகுப்பை விட்டு வெளிய வர..." வரைக்கும்தான், உடனே நாப்பது பிள்ளைங்களையும் வரிசையா காரிடாருக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. தமிழ்ல "கூடாது"ங்கற அர்த்தம் வினைச்சொல்லோட கடைசில போய் ஒட்டிக்குது, அந்தக் கடைசித் துண்டு கேக்கலைன்னா சொன்னதுக்கு நேர் எதிரா அர்த்தம் மாறிடும். அன்னைலேர்ந்து எங்க அறிவிப்புகள்ல "ஆதீங்க"ன்னு முடியற வாக்கியமே கிடையாது. "உள்ளயே இருங்க. கதவைப் பூட்டுங்க." அவ்ளோதான், அதையும் ரெண்டு தடவை சொல்லுவோம்.

இதை முதல்ல சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பாதுகாப்புன்னு பேச ஆரம்பிச்சாலே கேமரா எத்தனை, தீயணைப்பான் எத்தனைன்னு எண்ணிட்டு இருப்போம், அதெல்லாம் வேணும்தான், ஆனா முதல் அஞ்சு நிமிஷத்துல பிள்ளைங்க பிழைக்கறதும் பிழைக்காததும் பெரும்பாலும் சரியான வார்த்தை சரியான ஆளுங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சாங்கறதுலதான் இருக்கு. அந்த அஞ்சு நிமிஷத்துல உக்காந்து யோசிக்க முடியாது. அதனால யாரு சொல்றது, என்ன வார்த்தைல சொல்றது, எந்த வழில சொல்றது, அந்த வழி செத்துப்போனா அடுத்து என்ன, இது நாலையும் நிதானமா இருக்கற ஒரு நாள்லயே முடிவு பண்ணி எழுதி வெச்சிடணும்.

யாருங்கறதுலேர்ந்து ஆரம்பிப்போம். 1958 டிசம்பர் 1ஆம் தேதி சிகாகோல அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்ங்கற பள்ளிக்கூடத்துல தீப்பிடிச்சு 92 பிள்ளைங்களும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்துபோனாங்க. அங்க அலாரம் அடிக்கற அதிகாரம் தலைமைக்கு மட்டும்தான்னு ஒரு வழக்கம். புகையைப் பார்த்த ஒரு டீச்சர் தலைமை ஆசிரியையத் தேடி ஆபீஸுக்கு ஓடினாங்க, தலைமை ஆசிரியையோ அந்த நேரம் லீவுல இருந்த ஒரு டீச்சருக்குப் பதிலா வேற வகுப்புல பாடம் எடுத்துட்டு இருந்தாங்க. தேடிப் போய் திரும்பி வந்த அந்த நிமிஷங்கள் திரும்பக் கிடைக்கல. அலாரமும் கட்டிடத்துக்குள்ள மட்டும்தான் அடிச்சுது, தீயணைப்பு நிலையத்துக்கு அதோட இணைப்பே இல்ல, ஃபோன்ல தகவல் சொன்னப்ப பக்கத்துல இருந்த பாதிரியார் வீட்டு விலாசம் போயிருச்சு, வண்டிங்க முதல்ல அங்க போய் நின்னுச்சு.

அதனால முதல் விதியா இதை எழுதுங்க: ஆபத்தைக் கண்ணால பார்த்த எந்தப் பெரியவரும், டீச்சரோ, பஸ் டிரைவரோ, கூட்டிப் பெருக்கற அம்மாவோ, யாரையும் கேக்காம அலாரத்தை அடிக்கலாம். அதுக்குக் கீழயே இன்னொரு வரி: நல்ல எண்ணத்தோட அடிச்ச அலாரம் தப்பாப் போனாலும் யாரும் ஒரு வார்த்தை திட்டப் போறதில்ல. இந்த ரெண்டாவது வரிதான் ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா சின்ன வேலைல இருக்கறவங்க தயங்கி நிக்கறது பெரும்பாலும் இந்தப் பயத்துனாலதான். தலைமை ஆசிரியர் இல்லாத நாள்ல பொறுப்பு யாருக்கு, அவரும் இல்லைன்னா யாருக்குன்னு மூணு பேரை வரிசையாப் போட்டு ஸ்டாஃப் ரூம்ல ஒட்டிடுங்க.

அடுத்து வார்த்தைகள். "கோட் ரெட்", "கோட் புளூ"ன்னு ரகசிய வார்த்தை வெச்சுக்கறது கேக்க நல்லா இருக்கும், ஆனா இன்னைக்குத்தான் தற்காலிகமா வந்த டீச்சருக்கோ ஆபீஸ்ல காத்திருக்கற அப்பா அம்மாவுக்கோ அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியாது. 2006லேர்ந்து அமெரிக்காவுல பல துறைகள் சேர்ந்து இறங்கற சம்பவங்கள்ல எண் குறியீடுகளை விட்டுட்டு சாதாரண பேச்சு மொழிலதான் பேசணும்னு வெச்சுட்டாங்க, காரணம் போலீஸ்ல ஒரு எண்ணுக்கு இருக்கற அர்த்தம் பக்கத்து ஊர் போலீஸ்லயே வேறயா இருந்துச்சு. அங்க நிறைய ஸ்கூல்கள் பயன்படுத்தற ஸ்டாண்டர்ட் ரெஸ்பான்ஸ் புரோட்டோகால்ல மொத்தமே அஞ்சு கட்டளைதான்: ஹோல்ட், செக்யூர், லாக்டவுன், இவாக்குவேட், ஷெல்ட்டர். இதை நம்ம பேச்சுல வெச்சுக்கிட்டா இப்படி வரும். காரிடார்ல யாருக்கோ உடம்பு முடியலன்னா "வகுப்புலயே இருங்க". ஸ்கூலுக்கு வெளிய ஏதோ பிரச்சினைன்னா "எல்லாரும் உள்ள வாங்க, வெளிக்கதவைப் பூட்டுங்க", உள்ள பாடம் வழக்கம்போல நடக்கட்டும். ஆபத்து கட்டிடத்துக்குள்ளயே இருந்தா "பூட்டுங்க, லைட்டை அணைங்க, மறைஞ்சு இருங்க". தீன்னா "மைதானத்துக்குப் போங்க". சூறாவளி மாதிரின்னா "சூறாவளி, கீழ்த்தளத்துக்குப் போங்க", அதாவது என்ன ஆபத்து, எங்க போகணும் ரெண்டும் ஒண்ணா. அஞ்சுக்கு மேல போனா யாருக்கும் ஞாபகம் இருக்காது. குழந்தைங்களுக்கும் இதே வார்த்தையைத்தான் சொல்லிக் கொடுக்கணும், டீச்சருக்கு ஒண்ணு பிள்ளைங்களுக்கு ஒண்ணுன்னு வெச்சா குழப்பம்.

ஒரே ஒரு வார்த்தை எவ்ளோ வேலை செய்யும்ங்கறதுக்கு இந்தோனேசியால சிமெலூவே தீவைப் பாருங்க. 1907ல அங்க ஒரு சுனாமி பெரிய அழிவை உண்டாக்குச்சு, அதுக்கப்புறம் "ஸ்மோங்"ங்கற வார்த்தையைத் தாத்தா பாட்டிங்க கதையாவும் தாலாட்டாவும் பேரப்பிள்ளைங்க காதுல போட்டுட்டே வந்தாங்க: பெரிய நிலநடுக்கம் வந்து கடல் உள்வாங்கினா மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்னைக்கு நடுக்கம் நின்னதும் "ஸ்மோங்"னு கத்திட்டு எல்லாரும் மலை ஏறிட்டாங்க, நிலநடுக்க மையத்துக்கு அவ்ளோ பக்கத்துல இருந்தும் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவுல இறந்தது 7 பேர்தான். சைரன் இல்ல, ஃபோன் இல்ல. வார்த்தை எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு, அதைக் கேட்டா என்ன செய்யணும்ங்கறதும் தெரிஞ்சிருந்துச்சு.

எங்க போகணும்ங்கறதை இடத்தோட பேரைப் போட்டு எழுதணும், இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 2011 மார்ச் 11 ஜப்பான் சுனாமில இஷினோமாகி நகரத்து ஒக்காவா தொடக்கப்பள்ளில 108 பிள்ளைங்கள்ல 74 பேர் போயிட்டாங்க. மதியம் 2.46க்கு நிலம் ஆடுச்சு, தண்ணி வந்தது 3.37 வாக்குல. நடுவுல ஏறத்தாழ அம்பது நிமிஷம் இருந்துச்சு, ஸ்கூலுக்குப் பின்னாடியே மலைச்சரிவும் இருந்துச்சு. அந்த நேரத்துல பெரும்பகுதி பிள்ளைங்களை மைதானத்துல உக்கார வெச்சுட்டு பெரியவங்க எங்க போறதுன்னு பேசிட்டே இருந்தாங்க. அவங்க கைல இருந்த கையேட்டுல "பக்கத்துல இருக்கற காலி இடம், பூங்கா போன்றவை"ன்னுதான் எழுதியிருந்துச்சு, எந்த இடம்னு இல்ல. இதுக்காகப் பெத்தவங்க வழக்கு போட்டு, 2018ல செண்டாய் உயர் நீதிமன்றம் பள்ளி நிர்வாகத்தோட முன்னேற்பாடே போதாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு, அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றத்துலயும் அது உறுதியாச்சு. உங்க ஸ்கூல் பிளானை இன்னைக்கே எடுத்துப் பாருங்க, "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்"னு இருந்தா அதை அடிச்சிட்டு இடத்தோட பேர், போற வழி, அந்த வழி அடைச்சிருந்தா ரெண்டாவது இடம், நடந்து போக எத்தனை நிமிஷம் ஆகுதுங்கறது (பொடிசுங்களோட நீங்களே ஒரு தடவை நடந்து பார்த்த கணக்கா இருக்கணும்) எல்லாத்தையும் எழுதுங்க.

இப்ப எந்த வழில சொல்றதுன்னு பார்ப்போம். மைக் செட், மணி, வாக்கி டாக்கி, ஃபோன், மெகாஃபோன், விசில், ஓடிப்போய் சொல்ற ஆள். இதுல குறைஞ்சது மூணு வழியாவது தயாரா இருக்கணும், அதுல ஒண்ணாவது கரண்ட்டே இல்லாம வேலை செய்யணும், ஏன்னா பெரிய ஆபத்துல முதல்ல போறது கரண்ட்தான். அதே 2011ல காமாய்ஷி நகரத்துல ஒரு நடுநிலைப்பள்ளில கரண்ட் போய் மைக் வேலை செய்யல, ஆனா பிள்ளைங்க அறிவிப்புக்குக் காத்திருக்காம தாங்களே மேட்டைப் பார்த்து ஓட ஆரம்பிச்சாங்க, பக்கத்து தொடக்கப்பள்ளில மூணாவது மாடிக்கு ஏத்தி வெச்சிருந்த சின்னப் பிள்ளைங்க இவங்க ஓடறதைப் பார்த்துட்டு இறங்கி கூடவே ஓடினாங்க, முதல்ல நின்ன இடம் போதாதுன்னு இன்னும் மேல போனாங்க. வருஷக்கணக்கா சொல்லிக்கொடுத்துப் பழக்கியிருந்ததுதான் அந்த ஓட்டத்துக்குக் காரணம். உங்க ஸ்கூல்லயும் பிள்ளைங்களுக்கு "அறிவிப்பு வரலைன்னாலும் இது இதைப் பார்த்தா நீயே கிளம்பு"ன்னு ஒரு அனுமதி கொடுத்து வைங்க. பலமான நடுக்கத்துக்கு மேஜைக்கு அடில போறதுக்கும் புகையைப் பார்த்தா வெளிய போறதுக்கும் மணி அடிக்கணும்னு எந்த அவசியமும் இல்ல.

ஒரு சின்ன விஷயம், ஆனா நிறைய பேர் யோசிக்கறதில்ல: கேஸ் லீக் மாதிரி வாசனை வந்தா எலக்ட்ரிக் மணியையோ சுவிட்சையோ தொடக்கூடாது, பொறி பட்டா போதும். அதுக்குத்தான் கையால ஆட்டற மணியோ, ஓடிப்போய் சொல்ற ஆளோ வேணும். காது கேக்காத பிள்ளைங்களுக்கு மின்னற விளக்கு இல்லைன்னா கூடவே இருக்கற ஒரு ஜோடிப் பிள்ளை, சக்கர நாற்காலில இருக்கற பிள்ளைக்கு யாரு யாரு தூக்கறாங்கங்கற பேரு, இதெல்லாம் அந்தந்தப் பிள்ளையையும் வீட்டுல உள்ளவங்களையும் கேட்டு எழுதுங்க.

ஸ்பீக்கர் எங்கெல்லாம் கேக்கலைங்கறதுக்கு ஒரு நாள் ஒதுக்குங்க. ஒருத்தர் மைக்ல ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிட்டே இருக்கட்டும், இன்னொருத்தர் கைல கட்டிட வரைபடத்தோட ஒவ்வொரு ரூமா போய் குறிக்கட்டும், டாய்லெட், லேப், மாடிப்படிக்கு அடில இருக்கற ஸ்டோர் ரூம், மைதானத்து அந்தக் கோடி எல்லாம். நாங்க இதைச் செஞ்சப்ப டாய்லெட் பகுதில ஒரு எண் கூடக் கேக்கல, கதவைச் சாத்தினா வெளிய என்ன நடக்குதுன்னே தெரியாது, ஒரு பெரிய ஸ்கூல்ல எந்த நேரமும் அங்க நாலஞ்சு பிள்ளைங்களாவது இருப்பாங்க. அன்னைக்கு எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆயிருச்சு.

வாக்கி டாக்கி வாங்கினா கட்டிடத்துக்குள்ள யுஹெச்எஃப் வகைதான் பொதுவா நல்லா எடுக்கும், விஹெச்எஃப் திறந்த வெளிக்கு நல்லது (ரெண்டும் ரேடியோ அலைவரிசை வகைங்க), உங்க நாட்டுல லைசென்ஸ் வேணுமான்னு கேட்டுட்டு வாங்குங்க. ஆபீஸ், கேட், மைதானம், முதலுதவி ரூம், பஸ் நிக்கற இடம், இங்கெல்லாம் ஒண்ணொண்ணு இருந்தா போதும். பேசற முறையைப் பழக்கணும்: பட்டனை அமுக்கி ஒரு வினாடி பொறுத்துட்டு பேசுங்க, இல்லைன்னா முதல் வார்த்தை வெட்டுப்பட்டுப் போகும். முதல்ல கூப்பிடற ஆளோட இடம், அப்புறம் உங்க இடம், அப்புறம் விஷயம். "ஆபீஸ், கேட்லேர்ந்து பேசறேன், ஆம்புலன்ஸ் உள்ள வந்தாச்சு." கேட்டவங்க அதையே திருப்பிச் சொல்லணும், "ஓகே"ன்னு சொன்னா அவங்க கேட்டது என்னன்னு நமக்குத் தெரியாது. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், அதனால சும்மா இருக்கறவங்க சும்மா இருக்கறதே பெரிய உதவி. பூட்டிட்டு ஒளிஞ்சிருக்கற நேரம்னா சத்தத்தைக் குறைச்சிடணும். சந்தேகமான பை ஏதாவது கிடந்தா அது பக்கத்துல நின்னு வாக்கி டாக்கியோ மொபைலோ பயன்படுத்தக் கூடாது, தள்ளி வந்துட்டு பேசுங்க.

அவசர எண்ணுக்குக் கூப்பிடறப்ப முதல்ல சொல்ல வேண்டியது இடம். என்ன நடந்துச்சுன்னு பதட்டத்துல கதையா ஆரம்பிச்சு லைன் கட்டாயிருச்சுன்னா வண்டி எங்க வரும்? ஸ்கூல் பேர், தெரு, எந்த கேட், பக்கத்துல என்ன இருக்கு, அப்புறம் என்ன ஆச்சு, எத்தனை பேருக்கு அடி, திரும்பக் கூப்பிட எந்த நம்பர். இதை ஒரு அட்டைல பெருசா எழுதி ஒவ்வொரு ஃபோன் பக்கத்துலயும் ஒட்டுங்க, சிகாகோல விலாசம் மாறினதை நினைச்சுக்கோங்க. கேட்ல ஒரு ஆளை நிறுத்தி வண்டிக்கு வழி காட்டச் சொல்லணும். ஆபீஸ் லேண்ட்லைன்ல வெளிய பேச முதல்ல 9ஓ 0வோ அமுக்கணுமான்னு பாருங்க. 2013ல டெக்சாஸ்ல ஒரு ஹோட்டல் ரூம்ல ஒரு அம்மா தாக்கப்பட்டப்ப அவங்களோட 9 வயசுப் பொண்ணு அமெரிக்க அவசர எண்ணான 911க்கு நாலு தடவை போட்டுப் பார்த்தா, முன்னாடி ஒரு 9 சேர்த்து அமுக்கணும்னு அவளுக்குத் தெரியாது, அழைப்பு போகவே இல்ல. அதுக்கப்புறம்தான் 2018ல அந்த அம்மா பேர்ல கேரி சட்டம்னு ஒண்ணு வந்து எந்த முன்னெண்ணும் இல்லாமலே 911 போகணும்னு ஆச்சு. உங்க ஃபோன்ல அந்த மாதிரி இருந்தா டெக்னீஷியனைக் கூப்பிட்டு இந்த வாரமே மாத்துங்க.

பெத்தவங்களுக்கு அனுப்பற செய்திக்கு வருவோம், இதுல சொதப்பினா ரோடு முழுக்க வண்டியாகி ஆம்புலன்ஸ் உள்ள வர முடியாது. எச்சரிக்கைகளை மக்கள் எப்படி எடுத்துக்கறாங்கன்னு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணின டென்னிஸ் மிலெட்டி மாதிரி ஆளுங்க சொன்னது, ஒரு செய்தில அஞ்சு விஷயம் இருக்கணும்: யாரு சொல்றாங்க, என்ன ஆபத்து, எந்த இடம், எவ்ளோ நேரம், நீங்க என்ன செய்யணும். இதுல ஏதாவது குறைஞ்சா மக்கள் சும்மா இருக்க மாட்டாங்க, அதை உறுதிப்படுத்திக்க நாலு பேருக்கு ஃபோன் போடுவாங்க, பக்கத்து வீட்ல கேப்பாங்க, அந்த இடைவெளிலதான் வதந்தி புகுந்துடும். உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

"பள்ளி அலுவலகத்திலிருந்து, காலை 11.20. பி பிளாக் லேபில் தீ. பிள்ளைகள் எல்லோரும் வெளியே மைதானத்தில் இருக்கிறார்கள், கணக்கெடுப்பு நடக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்திலேயே இருங்கள், ரோடு தீயணைப்பு வண்டிக்கு வேண்டும். அடுத்த செய்தி 11.40க்கு."

அந்தக் கடைசி வரியை விட்டுடாதீங்க. 11.40க்குப் புதுசா ஒண்ணும் இல்லைன்னாலும் "புதுசா ஒண்ணும் இல்ல, அடுத்தது 12 மணிக்கு"ன்னாவது அனுப்பணும், சொன்ன நேரத்துக்குச் செய்தி வந்துச்சுன்னா வீட்ல இருக்கறவங்களுக்கு நம்பிக்கை நிக்கும். முழுசா எண்ணி முடிக்காம "எல்லாரும் பத்திரம்"னு மட்டும் எழுதிடாதீங்க. நெரிசல் நேரத்துல கால் போகலைன்னாலும் எஸ்எம்எஸ் பெரும்பாலும் போயிடும், வாட்ஸ்அப் குரூப்ல அட்மின் மட்டும் எழுத முடியற மாதிரி ஒண்ணு தனியா வைங்க. இந்தச் செய்திங்களை எல்லாம் முன்னாடியே எழுதி, காலியிடம் மட்டும் நிரப்பற மாதிரி வெச்சுக்கணும், அதோட "முந்தைய செய்தி தவறு"ன்னு ஒரு திருத்தச் செய்தியும் தயாரா இருக்கணும். 2018 ஜனவரி 13 காலைல ஹவாய்ல ஏவுகணை வருதுன்னு தப்பா எல்லார் ஃபோனுக்கும் எச்சரிக்கை போயிருச்சு, அது தப்புன்னு அதே வழில திருத்தம் வர 38 நிமிஷம் ஆச்சு. திருத்தச் செய்தி எழுதி வெச்சிருக்கல, ஆளுநர் கைல ட்விட்டர் கணக்கோட லாகின் விவரம் இல்ல. அந்த 38 நிமிஷம் குழந்தைங்களைக் கட்டிப்பிடிச்சு உக்காந்திருந்த குடும்பங்களை நினைச்சுப் பாருங்க. பாஸ்வேர்டு குறைஞ்சது மூணு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

வெளிய வந்ததும் எண்ணணும். ஒவ்வொரு டீச்சர் கைலயும் அன்னைக்கு அட்டெண்டன்ஸ், ஒரு பச்சை அட்டை ஒரு சிவப்பு அட்டை. எல்லாரும் இருந்தா பச்சை, ஒருத்தர் குறைஞ்சாலும் கூடுதலா இருந்தாலும் சிவப்பு, தூரத்துலேர்ந்து பார்த்தாலே பொறுப்பாளருக்குத் தெரிஞ்சிடும், நாப்பது பேர் கத்த வேண்டியதில்ல. காணோம்னு தெரிஞ்சா நீங்க உள்ள ஓடக்கூடாது, பேரையும் கடைசியா எங்க பார்த்தோம்ங்கறதையும் தீயணைப்பு வீரர்கிட்ட சொல்லணும். பிள்ளைங்களைத் திருப்பி ஒப்படைக்கற இடம் வேற கேட்டா இருக்கட்டும், அடையாளம் பார்த்து, கையெழுத்து வாங்கி, லிஸ்ட்ல பேர் இருக்கறவங்ககிட்ட மட்டும். அவசரத்துல மாமான்னு சொல்லிட்டு வந்தவர் கூட அனுப்பிட்டு அப்புறம் தேடற நிலைமை வரக்கூடாது.

ட்ரில் நல்லா நடந்ததுன்னு சொல்லிக்கறதுக்காக நடத்தாதீங்க, எங்க உடையுதுன்னு பார்க்கறதுக்காக நடத்துங்க. ஒரு தடவை சாப்பாட்டு இடைவேளைல, ஒரு தடவை தலைமை ஆசிரியரை "இன்னைக்கு நீங்க லீவு"ன்னு ஒதுக்கி வெச்சிட்டு, ஒரு தடவை மைக்கை ஆஃப் பண்ணிட்டு, ஒரு தடவை வழக்கமான படிக்கட்டுல "இங்க நெருப்பு"ன்னு அட்டையப் பிடிச்சு ஒருத்தரை நிறுத்திட்டு. அறிவிப்போட ஆரம்பத்துலயும் முடிவுலயும் "இது பயிற்சி"ன்னு சொல்லணும். போலி ரத்தம், துப்பாக்கிச் சத்தம் எல்லாம் வேண்டவே வேண்டாம், பிள்ளைங்களுக்கு அதனால பயம்தான் மிஞ்சும், பூட்டறதையும் அமைதியா உக்கார்றதையும் அது இல்லாமலே நல்லா கத்துக்க முடியும்.

கல்யாண மண்டபம், ஸ்டேஷன், ஆடிட்டோரியம் மாதிரி பொது இடத்தைப் பார்த்துக்கறவங்களுக்கும் இதே கணக்குதான், கூடுதலா ஒண்ணு: கூட்டம் தான் உள்ள வந்த கதவு வழியாவேதான் வெளிய போகப் பார்க்கும், பக்கத்துலயே வேற கதவு திறந்திருந்தாலும் கண்ணுல படாது. அதனால பாட்டை நிறுத்தி, லைட்டைப் போட்டு, சாதாரணக் குரல்ல "உங்க இடது பக்கம் இருக்கற கதவு வழியா வெளிய போங்க"ன்னு சொல்லணும், அந்தக் கதவுகிட்ட ஒரு ஆள் கையைத் தூக்கிட்டு நிக்கணும்.

மாசம் ஒரு நாள் குறிச்சு வெச்சுக்கோங்க, அன்னைக்கு வாக்கி டாக்கி எல்லாத்தையும் சார்ஜ் போட்டு ஒரு தடவை பேசிப் பாருங்க, மெகாஃபோன் பேட்டரிய மாத்துங்க, வேலையை விட்டுப் போனவங்க நம்பரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டு புதுசா வந்தவங்களைச் சேருங்க. அந்த லிஸ்ட் பேப்பர்லயும் ஒரு பிரதி இருக்கட்டும், ஒண்ணு ஆபீஸ்ல, ஒண்ணு வாட்ச்மேன் கேபின்ல.